விதானையாரின் இரண்டு சீல்கள்

எனக்குத் தெரியாத ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று எழுதிக் கொடுப்பதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்துகொண்டிருந்தது. சண்டைக் காலத்தில் திருகோணமலையில், பாலையூற்றுப் பக்கம் நான் கிராம சேவையாளராக இருந்தேன். சனம் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பழைய வழக்கத்தில் 'விதானையார்' என்றுதான் கூப்பிடும். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. விதானையார் என்றால் மீசையும் சால்வையுமாக ஒருவரை எதிர்பார்த்து வருகிறவர்கள், சாரத்தோடு நின்று பல் தீட்டிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து, "தம்பி, விதானையார் உள்ளுக்கு இருக்கிறாரோ?" என்று கேட்பார்கள். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய், காற்சட்டை மாற்றிக்கொண்டு விதானையாராக வெளியே வருவேன்.

அலுவலகம், கந்தோர் என்று தனியாக ஒன்றும் இல்லை. வாடகை வீட்டின் முன்னறைதான் கந்தோர். ஒரு மேசை, இரண்டு கதிரை, பூட்டுச் சரியில்லாத ஒரு அலுமாரி. காலை ஆறரைக்கே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். அந்த நாட்களில் ஒரு மனிதன் மூச்சு விடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விதானையாரின் கடிதம் வேண்டியிருந்தது. சீனன்குடாவுக்கு வேலைக்குப் போவதற்குக் கடிதம். வேறு ஊரிலிருந்து வந்த மச்சானை வீட்டில் இரண்டு நாள் வைத்திருப்பதற்குக் கடிதம். ஒரு மூடை சீமெந்துக்குக் கடிதம். கூரைத் தகரம் வீட்டுக்கு என்றால் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம் வரைக்கும் அலையவேண்டும். கோழிக்கூட்டுக்கு என்றால் என் கையெழுத்தே போதும். அந்த வருடம் பாலையூற்றுக் கோழிகள், கடதாசியில், பெரிய பெரிய மாளிகைகளில் குடியிருந்தன.

கடிதத்தின் வாசகம் எப்போதும் ஒன்றுதான். 'மேற்படி நபரை நான் நேரில் நன்கு அறிவேன். இவர் பத்து வருடங்களாக இவ்விடத்தில் வசித்து வருகிறார். எவ்விதமான சட்டவிரோதச் செயல்களிலும் ஈடுபடாதவர்.' நான் அந்தப் பிரிவுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடிதம் வாங்குகிறவருக்கும் தெரியும், கடிதம் கொடுக்கிற எனக்கும் தெரியும், கடிதத்தைப் பார்க்கிற ஆமிக்காரனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அவன் பார்ப்பது கீழே இருக்கிற சீலை மட்டும். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்தச் சீல் எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனது. அவர் அதைக் குப்பி விளக்குக்குப் பக்கத்தில் வைத்து வைத்தே ஒரு பக்கத்து இறப்பரை உருக்கிவிட்டார். வட்டமாக விழவேண்டிய சீல், ஒரு பக்கம் கடித்த விசுக்கோத்து மாதிரி விழும். எழுத்துகளும் தேய்ந்து போயிருந்தன. 'கிராம சேவையாளர்' என்பதில் முதலில் அழிந்தது 'சேவை'தான். புதுசு கேட்டு நான் மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும், தங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது.

பிறகு நான் கேட்டதற்காக இல்லாமல், வேறு காரணத்துக்காகப் புதுச் சீல் வந்தது. கொழும்பில் எங்கள் பதவிப் பெயரை மாற்றிவிட்டார்கள். இனி நாங்கள் கிராம சேவையாளர்கள் இல்லை, கிராம உத்தியோகத்தர்கள். சேவையை எடுத்துவிட்டு உத்தியோகத்தை வைத்ததில் ஒரு நேர்மை இருந்தது என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் பெரியவருக்கு, அதாவது பிரதேச செயலாளருக்கு, இதில் சரியான சந்தோசம். அவர் நல்ல மனிதர். ஆனால் சிலர் பத்திரிகைத் தொடர்கதை படிப்பதுபோல, அவர் மேலிடத்துச் சுற்றறிக்கைகளை, எங்கள் பாசையில் சுற்றுநிருபங்களை, படிப்பார். 'பொதுமக்களின் நம்பிக்கை' என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது.

புதுச் சீல் கொடுப்பதற்கு ஒரு கருத்தரங்கே வைத்தார்கள். தின்னப் பற்றிஸும் குடிக்கப் பிளேன்ரீயும் தந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர், மக்கள் எங்கள் வாடிக்கையாளர்கள், அவர்கள் எங்களை நம்பி வரவேண்டும், நாங்கள் சிரித்த முகத்தோடு இருக்கவேண்டும் என்று ஒன்றரை மணித்தியாலம் பேசினார். பேசும்போது அவர் ஒருக்காலும் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த, பென்சனுக்குக் கிட்டின ஒரு விதானையார் கையைத் தூக்கினார்.

"சேர், வாடிக்கையாளர் எண்டால் ஒரு கடை சரியில்லை எண்டு அடுத்த கடைக்குப் போகலாம். எங்கடை ஆக்கள் எங்கை போறது?"

கொழும்புக்காரர், நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

முடிவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புதுச் சீல் கொடுத்தார்கள். பழையதை அங்கே வைத்திருந்த ஒரு பால்மாத் தகரத்துக்குள் போடவேண்டும். நான் பழையதை மறந்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஒரு கிழமைக்குள் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார் பெரியவர். ஓம் சேர் என்றேன். அந்த ஒரு கிழமை இன்றுவரை முடியவில்லை என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் அதற்கு என்னுடைய சோம்பல் மட்டும் காரணமில்லை.

புதுச் சீல் வடிவாக இருந்தது. முழு வட்டம். மூன்று மொழி. ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. அன்று வீட்டுக்கு வந்து பழைய பேப்பர் முழுக்க அடித்து அடித்துப் பார்த்தேன். என் மனிசி வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கித் தந்திருக்கினம் போல" என்றுவிட்டுக் குசினிக்குப் போனாள். அடுத்த நாள் காலையில் ஒரு பன்னிரண்டு கடிதம் எழுதினேன். பன்னிரண்டிலும் புதுச் சீல்.

அதில் ஒன்று எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு இடியப்பக்கார அக்காவுக்கு. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவன் இறந்து கன காலம். விடியற்காலையில் இடியப்பம் அவித்து, பனையோலைக் கடகத்தில் வெள்ளைத் துணி போட்டு மூடி, சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற பக்கம் வேலை செய்கிறவர்களின் கன்ரீனுக்குக் கொண்டுபோவார். கண்டி வீதியில் ஆமி மறித்துச் சோதிக்கிற ஒரு சென்றிப் பொயின்ற் இருந்தது. அதைத் தாண்டுவதற்கு மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் கடிதம் புதுப்பிக்கவேண்டும்.

அதற்கு அடுத்த நாள் பத்து மணிக்கு மேலே, நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது, அந்த அக்கா வந்தார். வரிசையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். அவர்கள் விலகி வழிவிட்டார்கள். கடகத்தைக் கொண்டுவந்து என் மேசையில், சுற்றுநிருபத்தின் மேலே வைத்தார். துணியை விலக்கினார். இடியப்பம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, புளித்த மணம் வந்தது.

"விதானையார், இதுக்கும் ஒரு சீல் அடியுங்கோ."

"என்ன அக்கா நடந்தது?"

"கள்ளக் கடிதமாம். ஆறு மணிக்குப் பிடிச்சு வேப்பமரத்துக்குக் கீழை இருத்தினவங்கள். கன்ரீன்காரர் ஆள் அனுப்பித் தேடி வந்த பிறகுதான் விட்டவங்கள். இவ்வளவு காலமும் போய் வந்தனான். ஒரு நாள் ஒரு சொல் கேட்டதில்லை."

"கடிதம் சரிதானே. நான்தானே எழுதினனான்."

"நீங்கள் எழுதினது சரி. சீல் கள்ளமாம். அந்தக் கோப்ரல் சொல்லுறான், பாலையூற்றுச் சீல் இப்பிடி இல்லையாம். இது ஆரோ புதுசாச் செய்ததாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது. பெயர் மாறின கதையை, சுற்றுநிருபத்தை, முழு வட்டத்தை எல்லாம் விளங்கப்படுத்தினேன். அந்த அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அதெல்லாம் சரி. பழைய சீல் எங்கை?"

"மேசை லாச்சிக்குள்ளை இருக்கு. அதாலை அடிக்க ஏலாது அக்கா. அது இப்ப செல்லாது."

"செல்லாத சீலோடை நான் மூண்டு வருசம் போய் வந்தனான். செல்லிற சீலோடை ஒரு நாள் போனன். இடியப்பத்தைப் பாருங்கோ."

நான் விடவில்லை. ஒன்றிரண்டு நாளில் எல்லாருக்கும் பழகிவிடும், மேலிடத்திலிருந்து அவர்களுக்கும் அறிவித்திருப்பார்கள் என்று சொல்லி அனுப்பினேன். இதை எழுதும்போதும் அந்த 'அறிவித்திருப்பார்கள்' என்ற சொல்லை நினைத்தால் காது சுடுகிறது. யார் அறிவித்தது, யாருக்கு, எந்தத் திகதியில் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கதிரையில் இருந்துகொண்டு சொன்னேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அந்த அக்கா திரும்ப வந்தார். இந்தமுறை கடகம் இல்லை. வரிசையில் எல்லாருக்கும் பின்னால் போய் நின்றார். எழுந்து வெளியே போனேன்.

"தம்பியைச் சென்றியிலை பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்றார்.

அவருடைய தம்பி மேசன். சீனன்குடாப் பக்கம் ஒரு மதில் வேலைக்குப் போக, அதற்கு முதல் நாள்தான் என்னிடம் கடிதம் எடுத்தவர். அதிகம் கதைக்காத ஆள். கடிதத்தை வாங்கி, நாலாக மடித்து, சேட்டுப் பைக்குள் வைத்து, பையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனது எனக்கு நல்ல ஞாபகம். அதே சென்றியில், அதே புதுச் சீல். ஒரு பெண் கள்ளக் கடிதத்தோடு வந்தால் மரத்துக்குக் கீழே இருத்தலாம். முப்பது வயதுத் தமிழ் ஆண்பிள்ளை கள்ளக் கடிதத்தோடு வந்தால் முகாமுக்குத்தான். அந்த நாட்களில் முகாமுக்குள் போன சிலர் அன்று பின்னேரமே வந்தார்கள். சிலர் வரவில்லை. எந்தக் கணக்கில் யார் என்று யாருக்கும் தெரியாது.

நான் சைக்கிளை எடுத்தேன். என் மனிசி கதவடிக்கு வந்து, "நீங்கள் போய் என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பயமாக இருந்தது. என்னுடைய கையெழுத்துத்தான் அந்த மனிதனைக் கொண்டுபோய் உள்ளே விட்டது என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

சென்றியில் இருந்த கோப்ரல் நான் நினைத்த மாதிரி ஆள் இல்லை. நாற்பது வயதுக்கு மேல், மெலிந்து, மூக்குக்கண்ணாடி போட்டு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. என்னுடைய அரைகுறைச் சிங்களத்திலும் அவருடைய அரைகுறைத் தமிழிலும் கதைத்தோம். நான்தான் பாலையூற்று விதானை என்றேன். அவர் மரியாதையாக ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். பிறகு மணல்மூடைக்குப் பின்னால் இருந்து ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்தார்.

அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. சுற்றுவட்டாரத்து விதானைமார் எல்லாருடைய சீலும் அதற்குள் ஒட்டப்பட்டிருந்தது. பழைய கடிதங்களிலிருந்து வெட்டி, கோதுமைமாப் பசை போட்டு ஒட்டி, பக்கத்தில் ஒவ்வொன்றின் அடையாளமும் சிங்களத்தில் குறித்திருந்தார். ஒன்றில் மை எப்போதும் கூட. ஒன்று எப்போதும் சரிவாக விழும். என்னுடையதுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, 'கடித்த மாதிரி' என்று எழுதியிருந்தார். யாரும் அவரிடம் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. கடிதம் பார்த்து விடு என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத கடிதத்தில் நல்லது எது, கள்ளம் எது என்று கண்டுபிடிப்பதற்கு அந்த மனிதன் தானே ஒரு முறை செய்து வைத்திருந்தார்.

"மாத்தையா, இது நல்லது" என்று கடித்த சீலைத் தொட்டுக் காட்டினார். பிறகு மேசனின் கடிதத்தை எடுத்து, "இது ஹொர, கள்ளம்" என்றார். "ரொம்ப வடிவு. உங்கட கந்தோரில இவ்வளவு வடிவா ஒண்டும் வாறதில்ல."

என்னுடைய அடையாள அட்டையைக் காட்டினேன். அதில் கிராம சேவையாளர் என்று இருந்தது. புதுச் சீலில் கிராம உத்தியோகத்தர் என்று இருந்தது. அவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டு போவதைப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம் விளங்கப்படுத்தினால் நானும் மேசனுக்குப் பக்கத்தில் போய் இருக்கவேண்டி வரும் என்று எனக்குத் தோன்றியது. பெயர் மாறினதுக்கு மேலிடத்துக் கடிதம் இருந்தால் கொண்டுவாருங்கள், கப்டனிடம் காட்டலாம் என்றார். அது நியாயம்.

நேரே பெரியவரிடம் ஓடினேன். விசயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவையளுக்கு நாங்கள் நேரை எழுத ஏலாது. நான் கச்சேரிக்கு எழுதி, கச்சேரி அமைச்சுக்கு எழுதி, எங்கடை அமைச்சு அவையடை அமைச்சுக்கு எழுதவேணும்."

"ஆள் உள்ளுக்கு இருக்கிறார் சேர்."

"விளங்குது." உண்மையிலேயே அவருக்கு விளங்கியது. முகம் வாடிவிட்டது. சிறிது யோசித்துவிட்டு, "சுற்றுநிருபத்தின்ரை பிரதி ஒண்டை உறுதிப்படுத்தித் தாறன். சிங்களத்திலைதானே இருக்கு. கொண்டுபோய்க் காட்டும்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. பிரதி எடுத்தார்கள். 'உண்மைப் பிரதி' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். சீலை எடுத்து மையில் ஒற்றினார். ஒற்றின கை அப்படியே நின்றது.

அவருடைய பதவிப் பெயரும் மாறியிருந்தது. முதலில் அவர் உதவி அரசாங்க அதிபர். எங்களுக்கெல்லாம் புதுச் சீல் கொடுத்தவருக்கு, அவருடைய புதுச் சீல் இன்னும் வரவில்லை. பழைய சீல்கள் செல்லாது என்று சொன்னவரும் அவரேதான்.

"செல்லாத சீலாலை நான் எப்பிடி உறுதிப்படுத்திறது?" என்று என்னைக் கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை. பாவம், உண்மையாகவே கேட்டார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று விட்டுப்போனது. பத்து வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவனுக்கு வரக்கூடாத ஒரு தெளிவு வந்தது. "பரவாயில்லை சேர்" என்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். லாச்சியைத் திறந்து பழைய சீலை எடுத்தேன். மேசனுக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதினேன். அதே வாசகம். திகதியைப் பதினைந்து நாள் பின்னுக்குப் போட்டேன். பழைய சீலை அழுத்தி அடித்தேன். கடித்த விசுக்கோத்து நன்றாக விழுந்தது.

நான் என் வாழ்க்கையில் செய்த முதல் கள்ளக் கடிதம் அதுதான். ஆனால் அந்தக் கடிதம்தான் உண்மையானது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

கோப்ரல் அதைக் கொப்பியோடு ஒத்துப் பார்த்தார். விரலால் கடித்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. அவரே என்னை முகாமுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கப்டனிடம் பேசினார். கப்டன் இளம் ஆள். வேறு ஏதோ அவசரத்தில் இருந்தார். முதல் கடிதம் ஏன் வேறு சீல் என்று கேட்டார். கந்தோரில் பிழை நடந்துவிட்டது என்று நான் சொன்னேன். அரசாங்கக் கந்தோரில் பிழை நடந்தது என்றால் எந்த இனத்தவரும், எந்தப் பதவியில் உள்ளவரும் உடனே நம்பிவிடுவார்கள். அவரும் நம்பினார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மேசன் பின்னேரம் நாலரைக்கு வெளியே வந்தார். இரண்டு கையிலும் சீமெந்து. என்ன தொழில் என்று கேட்டிருக்கிறார்கள். மேசன் என்றதும், முகாமின் குசினி அடுப்புச் சுவர் வெடித்திருக்கிறது, கட்டு என்று விட்டிருக்கிறார்கள். முழுதாகக் கட்டி முடித்துவிட்டுத்தான் வந்தார். இடது காதுக்குப் பின்னால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரே ஒரு கதைதான் கதைத்தார்.

"மணல் சரியில்லை. அந்த அடுப்பு நிக்காது."

வீட்டு வாசலில் அக்கா நின்றார். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிக் காதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கும்பிடவில்லை, நன்றி சொல்லவில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். இருந்து குடித்துவிட்டுத்தான் போனேன்.

அடுத்த நாள் முதல் வரிசையில் வந்த அத்தனை பேரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "பழசாலை அடிப்பியளோ?" நான் பழையதாலேயே அடித்தேன். புதுச் சீல் மேசையில் அழகுக்கு இருந்தது. ஒரு கிழவர், சாமிப் படத்துக்குப் பூ வைக்கிற பழக்கத்தில், அதற்கு ஒரு பூ வைக்கட்டோ என்று கேட்டார். இடியப்பக்கார அக்கா, "புதுசு வடிவாத்தான் இருக்கு விதானையார். கண்ணாடி அலுமாரிக்குள்ளை வையுங்கோ" என்றார்.

மற்ற விதானைமார் பாடுதான் திண்டாட்டம். அவர்கள் ஒழுங்கானவர்கள். பழைய சீலைப் பால்மாத் தகரத்துக்குள் போட்டுவிட்டார்கள். தகரம் கச்சேரிக்குப் போய்விட்டது. அவர்களுடைய ஆட்கள் அந்தச் சென்றியில் நின்றுகொண்டிருந்தார்கள். கருத்தரங்கில் கேள்வி கேட்ட மூத்த விதானையார் ஒருநாள் என்னிடம் வந்தார். என் பழைய சீலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன்னுடைய புதுச் சீலைப் பையிலிருந்து எடுத்து, என் வீட்டுச் சீமெந்துப் படியில் வைத்து உரஞ்சத் தொடங்கினார்.

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

"என்ரை பழசு இடது பக்கம் தேய்ஞ்சது. அவ்வளவும் தேய்ச்சால் சரி." உரஞ்சிவிட்டு ஒருமுறை அடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் உரஞ்சினார். "முப்பது வருச சேவையிலை நான் அரசாங்கச் சொத்துக்கு ஒரு கீறல் போட்டதில்லை தம்பி" என்றார், உரஞ்சிக்கொண்டே.

இது இப்படியே ஒரு மூன்று மாதம் ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கோப்ரல் என் வீட்டுக்கு வந்தார். தோளில் துவக்கு, கையில் கொப்பி. வரிசையில் நின்றவர்கள் காற்று அடித்த மாதிரிக் கலைந்துவிட்டார்கள். என் மனிசி குசினிக் கதவைச் சாத்தினாள். நான் எழுந்து நின்றேன்.

அவருக்கு மாற்றம் வந்திருந்தது. புது ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் கொப்பியைக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறாராம். அதற்கு முன்னால் உண்மை என்ன என்று ஒருக்கால் சொல்லுங்கள் மாத்தையா, அந்த வடிவான சீலும் உங்களுடையதுதானா என்று கேட்டார். கேட்ட விதத்தில் மிரட்டல் இல்லை. தான் செய்த வேலையில் ஒரு பிழை இருக்கிறதோ என்று யோசிக்கிற ஆளின் கேள்வி அது.

ஓம் என்றேன். இரண்டும் என்னுடையதுதான்.

"அப்ப அந்த மேசன்..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு கொப்பியில் என் பழைய சீல் ஒட்டியிருந்த பக்கத்தை விரித்து வைத்து, புதுச் சீலால் அடிக்கச் சொன்னார். அடித்தேன். கீழே கையெழுத்தும் போடச் சொன்னார். போட்டேன். பக்கத்தில் சிங்களத்தில் ஏதோ எழுதினார். என்ன என்று கேட்டேன். 'இதுவும் நல்லது' என்று வாசித்துக் காட்டினார். அன்று முழுவதும் அவர் மற்ற விதானைமார் வீடுகளுக்கும் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூத்த விதானையார், உரஞ்சின சீலைக் காட்டுவதா விடுவதா என்று தெரியாமல் வெட்கப்பட்டுக்கொண்டு அடித்துக் கொடுத்தாராம்.

அடுத்த கிழமையிலிருந்து புதுச் சீல் அந்தச் சென்றியில் செல்லத் தொடங்கியது. எங்கள் அமைச்சிலிருந்து அவர்கள் அமைச்சுக்கு எழுதின கடிதத்தின் பிரதி எனக்கு அதற்குப் பிறகு ஐந்தாம் மாதம் வந்தது. அதில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

மேசன் திரும்பச் சீனன்குடாப் பக்கம் போகவில்லை. பட்டினத்துக்குள்ளேயே, சென்றி தாண்டாமல் போகக்கூடிய வேலைகளை மட்டும் எடுத்தார். கூலி குறைவு. ஒருநாள் சந்தையடியில் கண்டு, "என்னிலை கோவமோ?" என்று கேட்டேன். இல்லை என்றார். "நீங்கள் வந்தனீங்கள்தானே" என்றார். ஆனால் கடிதம் கேட்டு என் வீட்டுக்கு அவர் ஒருநாளும் வரவில்லை. சீமெந்து வாங்குவதற்குக்கூட வேறு ஆளை அனுப்பினார். அந்த மனிதனுடைய சேட்டுப் பைக்குள் பிறகு நான் ஒரு கடதாசியையும் காணவில்லை.

பழைய சீலை மூன்று மாதம் பாவித்தது பெரியவரின் காதுக்கு எப்படியோ போய்விட்டது. மூத்த விதானையார் படியில் சீல் உரஞ்சின கதை போகவில்லை, நல்ல காலம். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் எழுதினேன். விசாரணை வைத்தார்கள். விசாரணை செய்தவர் பெரியவரே. இரத்துச் செய்த முத்திரையைப் பாவித்து அரசாங்க ஆவணம் தயாரித்தது பொதுமக்களின் நம்பிக்கைக்கு இழுக்கு அல்லவா என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று அவர் கை மையில் ஒற்றினபடி நின்றது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. "ஓம் சேர்" என்றேன். "அப்ப எச்சரிக்கையோடை விடுறன்" என்றார். அவருக்குப் புதுச் சீல் வந்திருந்தது. நன்றாக மை தொட்டு, நேராக அடித்தார்.

எச்சரிக்கைக் கடிதத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தபோது, இடியப்பக்கார அக்கா விடியவே மாதக் கடிதத்துக்கு வந்தார். சிங்களத்தில் இருந்ததால் அவருக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும்.

"என்ன கடிதம்?"

"என்னைப் புகழ்ந்து எழுதியிருக்கினம் அக்கா."

அவர் அதை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். சிவப்பு மையால் கோடு போட்ட இடத்தையும், கீழே இருந்த முழு வட்டச் சீலையும் பார்த்தார்.

"நல்லாத் திட்டியிருக்கினம் போல" என்றார். பிறகு, கன்ரீனுக்கு நேரம் போகிறது, என்னுடையதைக் கெதியாய் எழுதித் தாருங்கோ என்று கடகத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.